கம்பியில்லாத் தீ அலாரம்: வாங்குமுன் கவனிக்க

சுவரைக் கொத்தாமல், ஒயர் இழுக்காமல், பழைய கட்டடத்திலும் சீக்கிரம் மாட்டிவிடலாம் என்பதால் கம்பியில்லாத் தீ அலாரத்தை நம் வியாபாரிகள் பலர் விசாரிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பெட்டியைப் பார்த்தவுடன் விலை பேசிவிடக் கூடாது.

எங்கள் மிளகாய்க் கிடங்கில் முதலில் புகையை உணரும் கருவியை மாட்டினோம். மூட்டை இறக்கும்போதெல்லாம் தூசிக்கு அலறியது. தொல்லை தாங்காமல் ஆட்கள் அதைத் துணியால் கட்டிவிட்டார்கள்! எங்களுக்கே பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. மிளகாய், மாவு போன்ற தூசிச் சரக்குக்கு வெப்பத்தை உணரும் கருவியே ஏற்றது. அது சற்றுத் தாமதமாகத்தான் அலறும். துணி கட்டிய கருவியை நம்பித் தூங்குவதைவிட அது மேல். துணி, காகிதம் வைக்குமிடத்தில் புகைக் கருவிதான் வேண்டும்.

அடுத்தது சிக்னல். விற்க வருபவர் காலிக் கிடங்கில் சோதித்துக் காட்டுவார். சரக்கை நிரப்பி, இரும்பு ஷட்டரை இறக்கிப் பூட்டிய பிறகு சோதிக்கச் சொல்லுங்கள். இரும்பும் கனத்த சுவரும் ரேடியோ அலையைத் தடுக்கும். ஒவ்வொரு கருவியிலும் பாட்டரி உண்டு. அது தீரப் போகிறது என்றாலும், தொடர்பு அறுந்தாலும், கன்ட்ரோல் பெட்டி முன்கூட்டியோ உடனேயோ தெரிவிக்க வேண்டும். மின்சாரம் போனால் பெட்டிக்கும் மாற்று பாட்டரி தேவை. ஐ.எஸ். 2189 தரப்படி பொருத்தித் தருவதாகக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

இரவில் பூட்டிய கடைத்தெருவில் மணி அடித்தால் யார் கேட்பது? முதலாளி, கணக்குப்பிள்ளை, காவலாளி மூவரின் செல்போனுக்கும் அழைப்பு போகும்படி செய்துகொள்ளுங்கள். சாவி யாரிடம் என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.