ஒவ்வொரு குழுவிலும் முதலிடம் யாருக்கு?

வானில் மிகப் பொலிவான விண்மீன்கள் எவை? ஒவ்வொரு விண்மீன் குழுவிலும் மிகப் பொலிவானவை எவை? இவ்விரு கேள்விகளும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் விடைகள் வேறு. எப்படி என்று பார்ப்போம்.

விண்மீனின் பொலிவை ஒளித்தரம் என்னும் எண்ணால் குறிப்பர். இவ்வெண் குறையக் குறையப் பொலிவு கூடும். எண்ணில் 5 குறைந்தால் பொலிவு 100 மடங்காகும்.

ஒன்பது அட்டைகளை எடுத்து, அட்டைக்கு ஒரு விண்மீனாக எழுதிக்கொள்ளுங்கள். ஓரியன் குழுவில் ரைகல் 0.13, திருவாதிரை ஏறத்தாழ 0.5 (இதன் பொலிவு மாறக்கூடியது), பெல்லாட்ரிக்ஸ் 1.64. மிதுனத்தில் போலக்ஸ் 1.14, காஸ்டர் 1.58, அல்ஹேனா 1.93. சப்தரிஷி மண்டலத்தில் அங்கிரசர் 1.77, கிரது 1.79, மரீசி 1.86.

ஒன்பதையும் ஒரே வரிசையில் அடுக்கி, முதல் மூன்றை எடுங்கள். ரைகல், திருவாதிரை, போலக்ஸ் ஆகியவை கிடைக்கும். சப்தரிஷிகளில் ஒருவர்கூட இல்லை! இதன்பின் குழு குழுவாகப் பிரித்துப் பயனில்லை. விட்டுப்போனவர் திரும்ப வரமாட்டார்.

இப்போது முறையை மாற்றுவோம். முதலில் அட்டைகளைக் குழுவாரியாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே அடுக்குங்கள். அடுத்து 1, 2, 3 என்று எண்ணிடுங்கள்; புதிய குழு தொடங்கும்போது எண்ணும் மீண்டும் 1-இல் தொடங்க வேண்டும். கடைசியாக, 1 என்ற எண் பெற்றவற்றை மட்டும் எடுங்கள். ரைகல், போலக்ஸ், அங்கிரசர் என மூன்று குழுக்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது. கணிப்பொறியில் தகவல் அறிக்கை தயாரிப்போர் கையாளுவதும் இதே நான்கு படிகளைத்தான்.

சம மதிப்புள்ளவை இருந்தால் என்ன செய்வது? ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் பேயர் 1603-இல் வெளியிட்ட வான்படத்தில் இச்சிக்கலைக் காணலாம். அவர் குழுதோறும் ஆல்பா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளைப் புதிதாகத் தொடங்கி இட்டார். அக்காலத்தில் பொலிவை அளக்கக் கருவி இல்லை. கண்ணால் பார்த்து ஆறு தரங்களாகப் பிரித்தனர். ஒரே தரத்தில் பல விண்மீன்கள் அமைந்துவிட்டன. அவற்றுக்குள் பேயர் பொலிவை மட்டும் வைத்து வரிசைப்படுத்தவில்லை. சப்தரிஷி மண்டலத்தில் அவர் உருவத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எழுத்திட்டுச் சென்றார். அதனால் கிரது ஆல்பா ஆனது; அதைவிடச் சற்றுப் பொலிவான அங்கிரசருக்கு ஐந்தாம் எழுத்தான எப்சிலான்தான் கிடைத்தது. மிதுனத்திலும் காஸ்டர் ஆல்பா, போலக்ஸ் பீட்டா. ஆகவே, சமமானவற்றுக்கு ஒரே இடம் தருவதா, வேறொரு விதியால் பிரிப்பதா என்பதை முன்பே முடிவு செய்து, பட்டியலிலும் குறிப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். பெருநாய்க் குழுவில் முதலிடம் பெறும் சிரியஸின் ஒளித்தரம் −1.46. கடகத்தில் முதலிடம் பெறும் விண்மீனுக்கோ ஏறத்தாழ 3.5. இரண்டும் முதலிடமே, ஆயினும் பொலிவில் ஏறத்தாழ 100 மடங்கு வேறுபாடு! ஆகவே, 'முதலிடம்' என்று எங்கே படித்தாலும், எந்தக் குழுவில், எந்த அளவுகோலால் என்று கேளுங்கள்.