மழைக்காலத்தில் அகலும் பலகை

பாடியில் தகரக் கொட்டகையில் வேலை பார்க்கும் தச்சரிடம் ஐப்பசியில் தேக்குக் கதவு கேட்டால், "மழை விடட்டும் சார்" என்பார். அவர் சொல்வதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. பலகை மேல் ஒரு சொட்டுகூட விழ வேண்டாம். காற்றின் ஈரமே போதும்.

மரத்தின் செல் சுவர்களில் முதன்மையானவை செல்லுலோஸ் நுண்ணிழைகள். அவற்றிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளைக் கவர்ந்து பிடித்துக்கொள்ளும். நீர் இடையில் புகப் புக இழைகள் விலகி, சுவர் தடிக்கிறது. மரத்தின் உலர் எடையில் சுமார் 30 சதவீதம் நீர் ஏறும்வரை இப்படி உப்பும். அதற்கு மேல் வரும் நீர் செல்லின் உள்வெளியில் தங்கும். எடைதான் கூடும், அகலம் கூடாது.

பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் 5 முதல் 6 சதவீதம் வரை சுருங்கும். நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் அதில் பாதிகூட இராது. நீளத்தில் மாற்றம் அநேகமாக இல்லை, ஏனென்றால் நுண்ணிழைகள் நெடுக்குவாட்டில் ஓடுகின்றன. பலகை வளைந்து கிண்ணம்போல் ஆவது இந்தத் திசை வேறுபாட்டால்தான்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால், மரம் சுமார் 11 சதவீத நீரோடு நிலைகொள்ளும். வாரக்கணக்கில் 90 சதவீதம் நீடித்தால் அது 20 சதவீதத்தை நெருங்கும். 3 அடி அகலத்துக்குப் பலகைகளை ஒட்டிச் செய்த கதவு இந்த இடைவெளியைக் கடந்தால், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலக்கூடும். நிலையில் அவ்வளவு இடம் ஏது?

சட்டமும் பேனலுமாகக் கதவு செய்த பழைய தச்சர்களின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். சட்டத்தின் உட்புறம் காடி இழைத்து, பேனலை அதில் பசையில்லாமல் செருகிவிடுவார்கள். பசை சட்டத்தின் மூட்டுகளுக்கு மட்டும். பேனல் காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கும். கதவின் மொத்த அகலம் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பது ஒடுங்கிய இரண்டு நெடுஞ்சட்டங்கள்தான். மழைக்காலத்தில் பாலிஷ் போட்ட கதவைச் சித்திரையில் உற்றுப் பாருங்கள். பேனலின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று நூலளவு தெரியும். ஈரத்தில் காடிக்குள் ஒளிந்திருந்த பகுதி அது. அந்த இடத்தில் பசை வைத்திருந்தால் பேனல் நடுவில் பிளந்திருக்கும்.

பாலிஷுக்கும் இந்த ஈரம் ஆகாது. அரக்கு கரைத்த ஸ்பிரிட் ஆவியாகும்போது மரப்பரப்பு குளிர்கிறது; ஈரக்காற்றின் நீராவி அங்கே படிந்து, படலத்துக்குள் சிக்கி, பால் தெளித்ததுபோல் வெளுக்கும். துணியால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மேலே கொஞ்சம் ஸ்பிரிட் தடவிப் படலத்தை இளக்கினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். அதையும் வெயில் ஏறிய பிறகு, காற்று காய்ந்திருக்கும் வேளையில்தான் செய்ய வேண்டும்.