பிடுங்கும் முன் பெயரைக் கேளுங்கள்

சென்ற வருட மழைக்காலத்தில் என் தம்பிக்குச் செங்கமாரி வந்தது. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், கீழ்காய்நெல்லி பிடுங்கி வரும்படி உம்மா என்னை அனுப்பினார். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் நான்தானே! மதிலோரம் சின்ன இலைகளோடு நின்ற செடிகளில் ஒரு பிடி பிடுங்கி வந்தேன். மூத்தம்மா ஒன்றை எடுத்துத் தண்டைக் கிள்ளினார். வெள்ளையாகப் பால் வடிந்தது.

"இது கீழ்காய்நெல்லி இல்ல புள்ள. பால் வருதே, பாரு" என்றார்.

நான் கொண்டு வந்தது அம்மான் பச்சரிசி இனத்துச் செடி. அதன் பால் கண்ணில் பட்டால் எரியும். அன்று தம்பிக்கு எதையும் அரைத்துக் கொடுக்கவில்லை. வைத்தியர் சொன்னபடி ஓய்வெடுத்து அவன் சுகமானான், அல்ஹம்துலில்லாஹ். எனக்குத்தான் வெட்கம் போகவில்லை. தாவரக் குடும்பங்களைப் பாடமாக்கி வைத்திருந்த எனக்கு வாசலில் நிற்கும் செடியைத் தெரியவில்லை. அதன் பின் ஒரு கொப்பியும் பென்சிலுமாக எங்கள் வளவைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு செடியை அறிய மூன்று கேள்விகள் போதும் என்பதை மூத்தம்மாவிடம் கற்றேன். இலைகள் சோடியாக எதிரெதிரே நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா? கிள்ளினால் பால் வருகிறதா? பூவும் காயும் எங்கே இருக்கின்றன? அம்மான் பச்சரிசியில் இலைகள் எதிரெதிரே இருக்கும், பால் வரும். கீழ்காய்நெல்லியில் இலைகள் மாறி மாறி இருக்கும், பால் வராது. சிறு கிளையைத் திருப்பிப் பார்த்தால் உருண்டைக் காய்கள் வரிசையாகக் கீழே தொங்கும். பெயரே அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. இவை இரண்டையும் தாவரவியலாளர் முன்பு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள், இப்போது பிரித்துவிட்டார்கள்.

புல்லுக்குள் பார்த்தால், இதய வடிவில் மும்மூன்று சிற்றிலைகளோடு மஞ்சள் பூப் பூப்பது புளியாரை. முற்றிய காயைத் தொட்டால் விதைகள் தெறிக்கும். பக்கத்திலே தொட்டாற்சுருங்கி. நம் ஊர்ச் செடி என்றே நினைத்திருந்தேன். அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. தொட்டதும் இலையடியில் உள்ள கலங்களிலிருந்து நீர் வெளியேறி வீக்கவமுக்கம் குறைவதால்தான் அது மடங்குகிறது.

மதில் வெடிப்பில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூப்பது பட்டிப்பூ; நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். மடகஸ்காரிலிருந்து தோட்டத்துக்கு வந்து மதிலுக்குத் தப்பியோடிய செடி இது. சிறுவர்களின் குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து இதிலிருந்துதான் கிடைத்தது. ஆனால் இலையை மென்றால் நஞ்சு. மருந்தும் நஞ்சும் ஒரே செடியில் இருப்பதால், எந்த இலையையும் வைத்தியரிடம் கேட்காமல் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது.

தப்பியோடிய இன்னொன்று வெடேலியா. அழகுக்காக நட்ட இந்த மஞ்சள் பூச்செடி கணுவுக்குக் கணு வேர்விட்டு, அயலில் உள்ள சிறு செடிகளை மூடிவிடும். இதைக் கீரையாகச் சமைக்கும் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணிவிடலாம். வெடேலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பறவை எச்சத்தில் வந்து மதிலில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலையிலேயே எடுத்துவிட வேண்டும். விட்டால் வேர் மதிலைப் பிளக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கவும் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

மூத்தம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. நான் கொண்டு போகும் செடியைத் தடவி, கசக்கி மணந்து பெயர் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இதுவரை முப்பத்தொரு பெயர்கள். அவற்றில் பாதிக்கு மேல் உம்மாவுக்கே தெரியாது.

உங்கள் வீட்டிலும் பெருநாளைக்கு முன் வளவைத் துப்புரவாக்குவீர்கள். மண்வெட்டி இறங்கும் முன், உங்கள் மூத்தம்மாவின் கையைப் பிடித்து மதிலோரம் ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். கொப்பியையும் கொண்டு போங்கள்.