நோட்டரியும் பிழைப்பழியும்

ஒரு பத்திரத்தில் பிழை நேர்ந்துவிட்டால், அதை எழுதியவரையோ படித்துப் பாராமல் ஒப்பமிட்டவரையோ யாரும் முதலில் தேடுவதில்லை. அடியில் உள்ள வட்ட முத்திரை யாருடையது என்றுதான் பார்க்கிறார்கள். முத்திரை இட்டவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது எவ்வளவு தூரம் சரி, நோட்டரி தம்மை எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

கடலூர் சாலையில் நீதிமன்ற வளாகம் இருப்பதால் எங்கள் முதலியார்பேட்டைப் பக்கம் தட்டச்சு நிலையங்களுக்கும் நோட்டரிப் பலகைகளுக்கும் குறைவில்லை. பெயர் மாற்றம், வாரிசு விவகாரம், 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் காகிதங்கள், பிரெஞ்சு ஓய்வூதியத்திற்கான சான்றுகள் என்று நாள்தோறும் ஏதாவது ஒன்று வந்துகொண்டேயிருக்கும்.

புதுச்சேரியில் இந்தப் பழி சற்றுக் கூடுதலாக விழுவதற்கு வரலாறும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பிரெஞ்சு முறையில் 'நொத்தேர்' என்பவர் அரசால் நியமிக்கப்பட்ட அலுவலர். பத்திரத்தை அவரே எழுதுவார்; இரு தரப்பினருக்கும் விளக்குவார்; மூலத்தைத் தம் அலுவலகத்தில் வைத்துக்கொண்டு படிகளைத் தருவார். ஆகவே உள்ளே இருக்கும் செய்திக்கும் அவர் பொறுப்பாளியே. 1803-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நெறி அது. பிரான்சில் இன்றும் நொத்தேர்களுக்குத் தொழிற்பொறுப்புக் காப்பீடு கட்டாயம்.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. 1968-இல் இந்தியச் சட்டங்கள் பல இங்கு விரிவாக்கப்பட்டன. இன்றைய நோட்டரி 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின்கீழ் வருபவர். பொதுவாகப் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர். இன்னார் இன்ன நாளில் என் முன் ஒப்பமிட்டார், சத்தியம் செய்தார் என்பதற்கே அவர் சான்று. நிலத்தின் எல்லை சரியா, பாட்டன் பெயர் சரியா என்பதற்கு அல்ல. மக்களோ பழைய நொத்தேரை மனத்தில் வைத்துக்கொண்டு புதிய நோட்டரியிடம் போகிறார்கள்!

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டிக்கு இப்படி நேர்ந்தது. கணவரின் பிரெஞ்சு ஆவணத்தில் குடும்பப் பெயர் ஓரிடத்தில், தனிப்பெயர் ஓரிடத்தில் இருந்தது; நம் ஊர்க் காகிதங்களிலோ தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே. இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் தயாராயிற்று. தட்டச்சு செய்தவர் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிவிட்டார். ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றது. அந்த அம்மாளுக்கு வேறு வருவாய் கிடையாது. மகன்கள் நோட்டரியிடம் சண்டைக்குப் போனார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை, பதிவேட்டைத் திறந்தார். வரிசை எண், தேதி, கட்டணம், மூதாட்டியின் கைரேகை எல்லாம் அதில் இருந்தன. பத்திரத்தின் அடியிலும் "தமிழில் படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருந்தது. அத்துடன் சண்டை ஓய்ந்தது.

நோட்டரிக்குப் பதிவேடே கவசம் என்பது இதனால் விளங்கும். 1956-ஆம் ஆண்டு விதிகள் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. கட்டணத்திற்கு ரசீது தரவும் சொல்கின்றன. அவசரத்தில் இவற்றை விட்டுவிடுபவர் பின்னாளில் வெறுங்கையுடன் நிற்க நேரிடும். ஆள் நேரில் வராமல் "கையெழுத்து வாங்கி வந்துவிட்டேன் சார்" என்று நீட்டப்படும் தாளை எவ்வளவு வேண்டியவர் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். நிரப்பாத இடங்களைக் கோடிட்டு அடைக்க வேண்டும். அசலைப் பாராமல் நகலுக்கு உண்மை நகல் என்று ஒப்பமிடலாகாது.

பிரெஞ்சு ஆவணங்களில் இன்னும் கவனம் தேவை. மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துச் சான்றளிக்கச் சட்டம் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்த மொழி தெரியாதவர் அதைச் செய்யலாமா? மொழிபெயர்த்தவர் தம் முன் சத்தியம் செய்தார் என்று மட்டும் எழுதினால் பொறுப்பு உரியவரிடமே நிற்கும்.

தம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதைத் தொடுவதும் ஆபத்து. திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ நிறைவேற்ற நோட்டரிக்கு அதிகாரமில்லை என்று 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம் தெளிவாக அறிவித்தது.

சட்டத்தின் 13-ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது. நோட்டரி தம் பணியைச் செய்கையில் இழைத்ததாகக் கூறப்படும் குற்றத்தை, அரசு அதிகாரமளித்த அலுவலர் எழுத்து மூலம் புகார் செய்தாலன்றி நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளாது. இதை நம்பி மெத்தனமாக இருப்பதற்கில்லை. தொழில் ஒழுக்கக்கேடு விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டால் 10-ஆம் பிரிவின்படி பெயரையே பதிவிலிருந்து நீக்கிவிடலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நோட்டரி 15,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் வைக்க வேண்டும். அது தம்மைக் காக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கானது; பிணை நிறுவனம் கொடுத்த தொகையை நோட்டரியிடமே திரும்ப வாங்கிக்கொள்ளும். தமக்குக் காப்பு வேண்டுமானால் தனியே காப்பீடு எடுக்க வேண்டும். நம் சட்டம் இவற்றில் எதையும் கேட்பதில்லை. பிரான்சைப் போல் இங்கும் காப்பீடு வந்தால் ஏழைக் கட்சிக்காரருக்கும் நல்லது என்றே நினைக்கிறேன்.

பிழை கண்டபின் என்ன செய்வது? முத்திரையிட்ட தாளில் பேனாவால் திருத்துவதைப் போன்ற தவறு வேறில்லை. சிறு எழுத்துப் பிழையாக இருந்தது அந்த நொடியில் மோசடிச் சந்தேகமாக மாறிவிடும். பிரமாணப் பத்திரமானால் புதிதாக ஒன்று. கிரயம் போன்றதானால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவு. அந்த மூதாட்டியும் புதிய தாளில், புதிய வரிசை எண்ணில் மறுபடி கைரேகை வைத்தார். இம்முறை பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தவர் அவருடைய பேத்தி.