லேசர் அச்சுக்கு ஏற்ற தாள்

சுற்றறிக்கை, வினாத்தாள், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றில் பெரும்பகுதி இன்று லேசர் அச்சுப்பொறி வழியாகவே நம் கைக்கு வருகிறது. பொறி வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், தாள் வாங்கும்போது மட்டும் "ஒரு கட்டு கொடுங்கள்" என்று சொல்லி, கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறோம். அந்தக் கட்டில் ஒரு தாள் ஒரு மாணவியின் சான்றிதழாகி, நாற்பது ஆண்டுகள் அவள் பெட்டியில் இருக்க வேண்டியிருக்கும்.

பொறிக்குள் நடப்பதென்ன? தலைவாரிய சீப்பு, தாள் துணுக்குகளைத் தன்பால் இழுப்பதை நீங்கள் விளையாட்டாகச் செய்து பார்த்திருப்பீர்கள். அதே நிலைமின்சாரத்தைக் கொண்டு, 1938 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் உலர்ந்த பொடியால் எழுத்துகளைப் பதித்துக் காட்டினார். ஜெராக்ஸ் பிறந்தது அப்படித்தான். பின்னாளில் அம்முறையில் லேசர் கதிரைப் புகுத்தியவர் கேரி ஸ்டார்க்வெதர் என்னும் பொறியாளர். லேசர் பொறியின் 'டோனர்' என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பொடியே. தாளில் படிந்த அப்பொடியை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓர் உருளை உருக்கி அழுத்துகிறது. தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்!

எனவே தாளுக்கு வேண்டிய முதற்குணம் கண்ணைப் பறிக்கும் வெண்மையன்று. வெப்பத்தைத் தாங்கும் தன்மை. இங்க்ஜெட் பொறிக்கென விற்கும் பளபளப்பான புகைப்படத் தாளை இதில் செலுத்தினால் அதன் பூச்சு இளகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பழுதுபார்க்கும் செலவில் பல கட்டுத் தாள் வாங்கிவிடலாம். பிளாஸ்டிக் சாளரம் வைத்த அஞ்சல் உறையும் ஆகாது. கார்ல்சன் தம் முதல் எழுத்துகளை ஒற்றியெடுத்தது மெழுகுத் தாளில். அதே மெழுகுத் தாள் இன்று லேசர் பொறிக்குப் பகை!

அடுத்து ஈரம். எந்தத் தாளிலும் சிறிது ஈரம் உண்டு. நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இருந்தால் தொல்லையில்லை. மழைக்காலத்தில் பிரித்துப் போட்ட கட்டோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது சூட்டில் ஆவியாகும்போது தாள் சுருண்டு, பொறியில் சிக்கும். ஈரத்தாளில் மின்னூட்டம் நிலைக்காமல் கசிவதால் எழுத்தும் மங்கும். ஆகவே உறை கிழிந்த கட்டை, விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். மீதியை அதே உறையில் மூடி வையுங்கள்.

உறையின்மேல் ஜி.எஸ்.எம். என்றிருப்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். அன்றாட வேலைக்கு 70 அல்லது 80 போதும். 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. 70 என்றால் சுமார் 2 கிலோ 180 கிராம். ஐயமிருந்தால் வீட்டுத் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம். கரும்புச் சக்கைத் தாள் மட்டம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள், அது சரியன்று. கரூரை அடுத்த காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையைக் கொண்டே நல்ல நகல் தாள் செய்கிறது.

சான்றிதழுக்குத் தனிக்கவனம் வேண்டும். பேனா மை தாளுக்குள் ஊறும்; டோனரோ மேலேயே ஒட்டி நிற்கும். கையால் செய்த சொரசொரப்பான தாள் பார்வைக்கு அழகு, ஆனால் அதன் பள்ளங்களில் பொடி சரியாகப் பிடிக்காது. மடித்த இடத்தில் எழுத்து உதிரும். 100 முதல் 120 ஜி.எஸ்.எம். வரையுள்ள, அமிலம் நீக்கிய வழுவழுப்பான தாளே ஏற்றது. அச்சிடுமுன் கணிப்பொறியில் 'தடித்த தாள்' என்று குறிப்பிட்டால் பொறி அதற்கேற்ப நன்றாகச் சூடேற்றும். முதல் பிரதியை மடித்து, மடிப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். எழுத்து பெயர்ந்தால் அந்தத் தாள் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒன்று. பி.வி.சி. என்னும் மென்மையான பிளாஸ்டிக் உறைக்குள் இச்சான்றிதழை ஆண்டுக்கணக்கில் வைத்தால், எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு தாளைவிட்டு உரிந்து வரக்கூடும். கடையில் பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள்.