குளிர்த்தி யாருக்குக் குளிரும்?

வாகரையில் தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது மருமகள் கேட்டாள்: "மாமா, அந்தக் காலத்து ஆக்கள் யாழ் கேட்டு உருகினாங்களாம். நான் கச்சேரி கேட்டா எனக்கு ஒண்டும் வருகுதில்ல. என்ர காதுலயா பிழை?" காதில் பிழை இல்லை. ஆனால் பதில் கொஞ்சம் நீளம், தேத்தண்ணி ஆறினாலும் ஆறட்டும்.

உணர்ச்சியில் ஒரு பங்கு இசையில் இருக்கிறது, மறுபங்கைக் கேட்பவர் கொண்டுவர வேண்டும். விரைந்து உரத்து வரும் பாட்டு எந்த ஊர்க் காதையும் கிளப்பும்; தணிந்து இழுபட்டு வருவது மனதைக் கனக்கச் செய்யும். இதற்குப் பழக்கம் அதிகம் வேண்டாம். 1999இல் போல்க்வில், தாம்சன் என்ற ஆய்வாளர்கள், இந்துஸ்தானி இசை பழகாத மேற்கத்தியருக்கு ராகங்களைப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, துயரம், கோபம் மூன்றையும் அவர்கள் அடையாளம் கண்டார்கள். அமைதியைத்தான் அவ்வளவு தெளிவாகப் பிடிக்க முடியவில்லை. அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ராகத்துக்கு ஒரே உணர்ச்சி என்று முத்திரை குத்துவதும் சரிவராது. புலம்புகிறவரை "முகாரி பாடாதே" என்கிறோம். தியாகராசரோ சபரி பெற்ற பேற்றை வியந்து போற்றும் 'எந்தனினே' கீர்த்தனைக்கு அதே முகாரியை எடுத்தார். அதில் அழுகை எங்கே?

மருமகள் சொன்ன 'அந்தக் காலத்து ஆக்கள்', அதாவது சங்க காலத்தவர் பக்கம் வருவோம். மருதப்பண் காலைக்கு, செவ்வழி மாலைக்கு, விளரி இரங்கலுக்கு என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். செவ்வழி எழும்போதே மாலையும் பிரிவும் கூட வந்துவிடும். கிழக்கிலங்கைக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆதாரமாக வைத்துக் கணக்குப் போட்டு, வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை மீட்டார். 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். நம் மண் தமிழிசைக்குத் தந்த மிகப் பெரிய கொடை அந்த நூல். ஆனாலும் கணக்கால் மீட்கக்கூடியது சுரத்தைத்தான். கேட்டவரின் பழக்கம் அவரோடு போய்விடுகிறது.

அந்தப் பழக்கம் அறுபடாமல் நிற்கும் இடம் ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. வைகாசியில் காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்ததும், அம்மனின் கதையான கண்ணகி வழக்குரையைப் பாடத் தொடங்குவார்கள். கடலோட்டு வரும், கோவலன் கொலை வரும், பாண்டியன் அவையில் வழக்கு வரும், மதுரை எரியும். கடைசியில்தான் அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்தி. நாள்தோறும் வந்து கதை கேட்ட கிழவி குளிர்த்திப் பாட்டின் முதல் அடியிலேயே கை கூப்பி, கண்ணீர் வழிய, முகம் தெளிந்து நிற்பார். கடைசி இரவுக்கு மட்டும் வேனில் வந்து இறங்கியவருக்கு அதே பாட்டு நல்ல மெட்டு, அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் மேற்கத்தியர் தவறவிட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். கோபத்தைச் சத்தமே காட்டிக்கொடுக்கும். அமைதி அப்படியல்ல, எது அடங்கியது என்று தெரிந்தவருக்கே அது அமைதியாகக் கேட்கும். கச்சேரியிலும் அப்படியே. ஆலாபனையில் ராகம் எங்கெங்கே அலைந்தது என்று தொடர்ந்து வந்தவருக்கு, பாடகர் சட்சத்தில் வந்து நிற்கும்போது நெஞ்சு நிறையும். பாதியில் வந்தவருக்கு அது இன்னொரு சுரம்.

மருமகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு மாதம் ஒரே ராகத்தை எடுத்து, பலர் பாடியதைக் கேளுங்கள். உருக்கம் வந்ததா என்று நடுவில் பார்க்க வேண்டாம். வைகாசியில் கோயிலுக்குப் போவதானால் குளிர்த்தியன்று மட்டும் போகாதீர்கள். கதவு திறக்கும் நாளிலேயே போய் உட்காருங்கள்.