விறகுக் கணப்பும் எரிவாயுக் கணப்பும்

கணப்பு என்பது குளிர் மிகுந்த இடங்களில் வீட்டின் அறையைச் சூடாக்குவதற்காகச் சுவரோடு சேர்த்து அமைக்கப்படும் தீயிடம் ஆகும். தீ எரியும் எரியறை, அதன் முன்னுள்ள தீத்தளம், புகையை வெளியேற்றும் புகைபோக்கி ஆகியவை இதன் முதன்மையான உறுப்புகள். விறகை எரிப்பது விறகுக் கணப்பு எனவும், இயற்கை எரிவாயுவையோ நீர்மப் பெட்ரோலிய வாயுவையோ எரிப்பது எரிவாயுக் கணப்பு எனவும் அழைக்கப்படுகின்றன.

ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம் போன்ற நாடுகளில் புதிதாக வீடு கட்டுவோரிலும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரிலும் பலர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். இத்தேர்வு அழகையும் செலவையும் மட்டும் சார்ந்ததன்று. வீட்டாரும் அண்டை வீட்டாரும் மூச்சுவிடும் காற்று எத்தகையது, மின்சாரம் நின்றுபோன குளிர்கால இரவில் வீட்டுக்கு வெப்பம் கிடைக்குமா என்னும் இரு கேள்விகளும் இதில் அடங்கியுள்ளன.

வரலாறு

நடுக்கால ஐரோப்பாவில் தீ கூடத்தின் நடுவே எரிந்தது. ஏறத்தாழ 12 ஆம் நூற்றாண்டு முதல் அது சிறிது சிறிதாகச் சுவரோரம் நகர்ந்து புகைபோக்கியைப் பெற்றது. இதனால் அறையில் புகை குறைந்தது. ஆனால் புகையோடு வெப்பத்தின் பெரும்பகுதியும் வெளியேறியது. இக்குறையை நீக்கும் முயற்சிகளே கணப்பின் பிற்கால வரலாறு எனலாம்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1740களின் தொடக்கத்தில் இரும்பாலான கணப்பு ஒன்றை வடிவமைத்து, 1744 இல் அது பற்றிய சிறு நூலை வெளியிட்டார். ரம்ஃபோர்டு பிரபு என அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன் 1796 இல் எழுதிய கட்டுரையில், எரியறையின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்துப் புகைபோக்கியின் தொண்டைப் பகுதியைக் குறுக்கினால் அறைக்குள் கூடுதலான வெப்பம் வீசும் என விளக்கினார். ரம்ஃபோர்டு கணப்பு என்னும் பெயரில் இவ்வடிவம் இன்றும் கட்டப்படுகிறது.

பிரித்தானிய நகரங்களில் விறகின் இடத்தை நிலக்கரி பிடித்தது. 1952 டிசம்பரில் இலண்டன் நகரை ஐந்து நாட்கள் மூடியிருந்த புகைப்பனியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். வீட்டுக் கணப்புகளின் நிலக்கரிப் புகை அதற்கு ஒரு பெருங்காரணம். இதன் விளைவாக 1956 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 1967 முதல் 1977 வரை பிரித்தானிய வீடுகள் படிப்படியாக இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டபோது, எரிவாயுக் கணப்புகளும் பரவலாயின. உதகமண்டலம், கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா ஆகிய மலைநகரங்களில் பிரித்தானியர் கட்டிய மாளிகைகளில் காணப்படும் கணப்புகளும் இம்மரபைச் சேர்ந்தவையே.

விறகுக் கணப்பின் வகைகள்

திறந்த கணப்பு: முன்புறம் திறந்திருக்கும் மரபுவழி அமைப்பு. தீயின் ஒளியையும் ஓசையையும் நேரடியாகத் தருவது இதுவே.

உட்பொருத்து அடுப்பு: பழைய எரியறைக்குள் பொருத்தப்படும் மூடிய இரும்பு அடுப்பு. கண்ணாடிக் கதவும், உள்ளே செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் கொண்டது. வழக்கமாக இதனோடு புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் ஒன்றும் இறக்கப்படுகிறது.

தனித்த விறகடுப்பு: சுவரிலிருந்து விலகி நிற்பது. அதன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அறைக்கு வெப்பம் கிடைக்கிறது.

எரிவாயுக் கணப்பின் வகைகள்

செயற்கை விறகுத் தொகுதி: பழைய திறந்த கணப்புக்குள் சுடுமண் போன்ற பொருளால் செய்த விறகு உருவங்களை வைத்து, அவற்றினூடே எரிவாயுவை எரிப்பது. இது காட்சிக்கே உரியது. இதன் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது.

நேரடிப் போக்குக் கணப்பு: கண்ணாடியால் முற்றிலும் மூடப்பட்டது. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு குழாய்களில் வெளிக்குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது. உட்குழாய் வழியே எரிந்த வளிமங்கள் வெளியேறுகின்றன. அறைக்காற்று எரிதலில் பங்குகொள்வதில்லை. வெளிச்சுவர் வழியாகவே குழாயைக் கொண்டுசெல்ல இயலுவதால் உயரமான புகைபோக்கி தேவையில்லை.

புகைபோக்கியற்ற கணப்பு: எரிதலில் உண்டாகும் வளிமங்கள் அறைக்குள்ளேயே கலக்கின்றன. வெப்பம் முழுவதும் அறைக்குக் கிடைக்கிறது. எனினும் ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 1.5 கிலோகிராம் நீராவி உண்டாகிறது. நைட்ரசன் டைஆக்சைடும் அறையில் சேர்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் வீடுகளுக்குள் பயன்படுத்துவதற்கென இவ்வகைச் சூடேற்றிகளை விற்பதற்குத் தடை உள்ளது.

வெப்பத் திறன்

திறந்த விறகுக் கணப்பு கண்ணுக்குத் தோன்றும் அளவுக்குச் சிறந்த சூடேற்றி அன்று. எரியும் விறகின் ஆற்றலில் ஏறத்தாழ 10 விழுக்காடே அறைக்குக் கிடைக்கிறது. தீயானது மணிக்குப் பல நூறு கன மீட்டர் அறைக்காற்றைப் புகைபோக்கி வழியே மேலே இழுத்துச் செல்கிறது. அதனை ஈடுசெய்யக் கதவு, சாளர இடுக்குகள் வழியே குளிர்காற்று வீட்டுக்குள் நுழைகிறது. இதனால் தீயின் முன் அமர்ந்திருப்பவர் சூடாக உணரும் அதே நேரத்தில் வீட்டின் மற்ற அறைகள் மேலும் குளிரக்கூடும். தீ அணைந்த பின்னும் புகைபோக்கியின் அடைதகட்டை மூடாவிட்டால் இவ்விழப்பு தொடரும். ஆனால் கங்கு இருக்கும்போதே அதனை மூடினால் நச்சு வளிமம் அறைக்குள் திரும்பும்.

மூடிய விறகடுப்புகள் இக்குறையைப் பெருமளவு நீக்கியுள்ளன. தற்கால அடுப்புகளின் திறன் 70 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ அமைகிறது. நேரடிப் போக்கு எரிவாயுக் கணப்புகளின் திறன் வடிவமைப்பைப் பொறுத்து ஏறத்தாழ 50 முதல் 75 விழுக்காடு வரை இருக்கும். எனவே வெப்பத்தைப் பொறுத்தவரை உண்மையான வேறுபாடு விறகுக்கும் எரிவாயுவுக்கும் இடையிலானது என்பதைவிட, திறந்த தீக்கும் மூடிய தீக்கும் இடையிலானது எனலாம்.

எரிபொருளும் பராமரிப்பும்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதில் தீயின் வெப்பம் வீணாவதோடு புகையும் பெருகுகிறது. ஆகவே விறகைப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடி, மரத்தின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை உலர்த்துவர். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேற்படாத விறகே எரிப்பதற்கு ஏற்றது. இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், 2 கன மீட்டருக்குக் குறைவான அளவில் விற்கப்படும் விறகு இவ்வரம்புக்குள் இருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. வண்ணம் பூசிய மரத்தையும், பூச்சி அரிக்காமலிருக்க வேதிப்பொருள் ஏற்றிய மரத்தையும் எரித்தல் கூடாது.

வட அமெரிக்காவில் விறகு 'கார்டு' என்னும் அளவில் விற்கப்படுகிறது. நான்கு அடி அகலம், நான்கு அடி உயரம், எட்டு அடி நீளம் கொண்ட அடுக்கு ஒரு கார்டு ஆகும். அதாவது 128 கன அடி. உலர்ந்த விறகு ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 15 மெகாசூல் ஆற்றலும், இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 37 மெகாசூல் ஆற்றலும் உள்ளன. ஆகவே ஒரு கன மீட்டர் எரிவாயு ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் விறகுக்கு இணையானது. செலவை ஒப்பிடும்போது இவ்வளவோடு அடுப்பின் திறனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

விறகுக் கணப்பில் சாம்பலை அள்ளுதல், விறகு சேமித்தல், புகைபோக்கியைத் தூய்மை செய்தல் ஆகியவை தொடர் வேலைகள். எரிவாயுக் கணப்பில் இவை இல்லை. பொத்தானை அழுத்தியதும் தீ எரியும். எனினும் எரிமுனை, புகைக்குழாய், கண்ணாடியின் விளிம்படைப்பு ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை தகுதி பெற்றவர் சோதிப்பது நன்று.

காற்றும் உடல்நலமும்

விறகுப் புகையில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்துகள்கள் மிகுதியாக உள்ளன. இவை நுரையீரலின் ஆழம் வரை சென்று ஈழை நோய், இதய நோய் ஆகியவற்றைக் கடுமையாக்குகின்றன. குளிர்கால இரவுகளில் காற்று அசையாது நிற்கும்போது இப்புகை தெருவிலேயே தேங்கி, கணப்பு இல்லாத வீடுகளுக்குள்ளும் நுழைகிறது. ஒப்புநோக்கின் எரிவாயுக் கணப்பு வெளியிடும் நுண்துகள் மிகவும் குறைவு.

இதன் காரணமாகப் பல இடங்களில் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டன. சான்பிரான்சிசுக்கோ விரிகுடாப் பகுதியில் 2016 நவம்பர் முதல் புதிய கட்டடங்களில் விறகு எரிக்கும் கருவிகள் அமைத்தல் தடைசெய்யப்பட்டது.

புவி வெப்பமாதலை நோக்கின் நிலை வேறானது. எரிவாயு ஒரு புதைபடிவ எரிபொருள். அது எரியும்போது கார்பன் டைஆக்சைடும், கிணறுகளிலும் குழாய்களிலும் கசியும்போது மீத்தேனும் வளிமண்டலத்தைச் சேர்கின்றன. விறகு வெளியிடும் கார்பனை மீண்டும் வளரும் மரங்கள் உறிஞ்சும் என்பர். ஆயினும் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதும், காடு உண்மையில் மீண்டும் வளர்க்கப்படவேண்டும் என்பதும் கருதத்தக்கவை.

பாதுகாப்பு

ஈர விறகு குறைந்த வெப்பத்தில் எரியும்போது புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட்டு என்னும் கரிய தார் போன்ற பொருள் படிகிறது. இது தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் வெப்பநிலை 1000 பாகை செல்சியசு வரை உயர்ந்து வீட்டையே எரித்துவிடக்கூடும். ஆகவே புகைபோக்கியை ஆண்டுக்கொருமுறையேனும் சோதிக்க வேண்டும். அணைந்ததுபோல் தோன்றும் சாம்பலில் கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கலாம். அதனை மூடியுள்ள உலோகக் கலத்திலிட்டு வீட்டுக்கு வெளியே வைப்பது வழக்கம்.

எரிவாயுக் கணப்பின் முதன்மையான இடர் வாயுக் கசிவு ஆகும். நீர்மப் பெட்ரோலிய வாயு காற்றைவிடக் கனமானது, எனவே தரைமட்டத்திலும் நிலவறையிலும் தேங்கும். இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, எனவே மேலெழும். கணப்பின் கண்ணாடி தொட்டவுடன் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாவதால், சிறு குழந்தைகள் பலர் கைகளில் தீக்காயம் அடைந்துள்ளனர். இதனால் ஐக்கிய அமெரிக்கத் தரவிதிகளின்படி 2015 முதல் தயாரிக்கப்படும் கணப்புகளோடு கண்ணாடிக்கு முன் நிற்கும் காப்புத்திரையும் வழங்கப்படுகிறது.

இருவகைக் கணப்புக்கும் பொதுவான இடர் கார்பன் மோனாக்சைடு ஆகும். நிறமும் மணமும் அற்ற இந்நச்சு வளிமம் உறங்குவோரை எழுப்பாமலே கொல்லக்கூடியது. கணப்பு உள்ள வீட்டில் இதற்கான எச்சரிக்கைக் கருவி பொருத்துதல் இன்றியமையாதது. புகைபோக்கி இல்லாத மூடிய அறையில் கரிநெருப்பு வைத்துக்கொண்டு உறங்குவதும் இதே காரணத்தால் உயிருக்கு ஆபத்தானது.

மின்தடையும் மொண்ட்ரியால் நகரின் விதியும்

விறகு எரிவதற்கு மின்சாரம் தேவையில்லை. எரிவாயுக் கணப்புகளில் இது அமைப்பைப் பொறுத்தது. நிலையான சிறுசுடர் கொண்டவற்றில், அச்சுடரின் வெப்பமே வெப்பமின் அடுக்கு ஒன்றில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வாயு அடைப்பிதழைத் திறக்க அது போதுமானது என்பதால் இவை மின்தடையிலும் இயங்கும். மின்பொறியால் பற்றவைக்கும் கணப்புகளுக்கு மின்கலம் தேவை. வெப்பக் காற்றைப் பரப்பும் விசிறி இருவகையிலும் நின்றுவிடும்.

1998 சனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ மாநிலங்களில் பெய்த உறைமழையால் மின்கோபுரங்கள் முறிந்து இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. சில இடங்களில் மின்சாரம் திரும்ப ஒரு மாதம் வரை ஆனது. கியூபெக் வீடுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால் சூடாக்கப்படுபவை. எனவே விறகடுப்பு உள்ள வீடே அந்நாட்களில் வாழத்தக்க வீடாக இருந்தது.

ஆயினும் மொண்ட்ரியால் நகரின் குளிர்காலப் புகைப்பனிக்கு விறகுப் புகை ஒரு முதன்மைக் காரணமாக இருந்தது. 2009 இல் புதிய விறகடுப்புகள் பொருத்துவதை நகரம் தடைசெய்தது. 2018 அக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் கணப்புகளைப் பயன்படுத்துவதும் தடைசெய்யப்பட்டது. ஆனால் மின்தடை 3 மணிநேரத்துக்கு மேல் நீடித்தால் பழைய கணப்புகளையும் எரிக்கலாம் என விதிவிலக்கு அளிக்கப்பட்டது. அன்றாடப் பயன்பாட்டில் ஊருக்குத் தீங்காகும் தீ, நெருக்கடியில் உயிர்காப்பதாகவும் அமையும் என்பதை இவ்விதி ஒருங்கே ஏற்றுக்கொள்கிறது.

தேர்வில் கருதத்தக்கவை

- நெருக்கமான நகரப் பகுதியில், அல்லது வீட்டில் ஈழை நோயாளரோ கைக்குழந்தையோ இருப்பின், நேரடிப் போக்கு எரிவாயுக் கணப்பு பொருத்தமானது.
- நாட்டுப்புறத்தில், சொந்தமாக விறகு கிடைக்குமிடத்தில், நீண்ட மின்தடை வழக்கமாயின் சான்றுபெற்ற மூடிய விறகடுப்பு பயன்மிக்கது.
- நல்ல நிலையிலுள்ள பழைய புகைபோக்கி இருப்பின் உட்பொருத்து அடுப்பு சிக்கனமானது. இல்லாதவிடத்துப் புதிதாகக் கட்டும் செலவு மிகுதி.
- வாங்குமுன் உள்ளூர் நகரசபையின் விதிகளையும், வீட்டுக் காப்புறுதி நிறுவனத்தின் நிபந்தனைகளையும் அறிந்துகொள்ள வேண்டும்.
- ஆண்டில் சில மாலைகளில் தீயின் அழகைக் காண்பதே நோக்கமாயின், திறந்த கணப்பு அதனைத் தரும். வீட்டைச் சூடாக்கும் பணியை அதனிடம் எதிர்பார்க்க இயலாது.